கத்தரிக்கோலும் கதையும்

என் தமக்கையின் பெண் சித்திரம் போடுகிறவள். பென்சிலையும் தூரிகையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்று வருஷங்களாகக் கத்தரிக்கோலும் சிறு கத்தியுமாக உட்கார்ந்திருக்கிறாள். காகிதத்தை வெட்டி, ஒட்டி, அதையே சித்திரமாக்குகிறாள். நான் குழந்தைகளுக்காக ஒரு சின்னக் கதை எழுதியிருந்தேன். பாட்டியின் மூக்குக் கண்ணாடியைத் தின்றுவிட்டதாக ஓர் ஆட்டின்மேல் பழி விழுகிறது. ஆடு பயந்துபோய் ஆலமரத்தடியில் ஒளிந்துகொள்கிறது. அவ்வளவுதான் கதை. அதற்கு அவளே படம் செய்து கொடுப்பதென்று ஏற்பாடு.

முதல் படத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். பிரமித்துப்போனேன். ஒரே கறுப்புக் காகிதத்தில் ஓர் ஆலமரம் முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. இலைக்கு இலை நரம்பு இருந்தது. விழுதுகள் நூல் நூலாக இறங்கின. தூக்கிப் பிடித்தால் சரிகைப் பின்னல்போல ஆடியது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆடு எங்கே அம்மா?" என்று கேட்டேன்.

"அதுதான் ஒளிந்துகொண்டிருக்கிறதே, மாமா!"

"பாட்டியிடமிருந்து ஒளிந்தால் போதாதா? படிக்கிற குழந்தையிடமிருந்துமா ஒளிய வேண்டும்?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த மரம் அயல்நாட்டுக் காகித ஓவியர் ஒருவருடைய மரத்தைப் பார்த்துச் செய்தது என்பதையும் அவளே சொன்னாள். கைபேசி நிறைய அப்படிப்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். "இவர்களைப் பார்த்துத்தான் எனக்கு வேலை செய்ய உற்சாகம் வருகிறது. அதில் என்ன தப்பு?" என்றாள். பிறகு, "ஒரே ஒரு இலையை வெட்டிப் பாருங்கள் மாமா. அப்புறம் விமரிசனம் செய்யலாம்" என்று சொல்லிவிட்டு, படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதினைந்து நாள் பேசவில்லை.

கதை எழுதாதவன் கதையைப்பற்றிப் பேசக்கூடாது என்கிற எழுத்தாள நண்பர்களை நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். சமைக்கத் தெரியாதவனுக்கு உப்புக் கரிக்காதா என்று கேட்டிருக்கிறேன். இருந்தாலும் அவள் சொன்னது உறுத்தியது. கடைக்குப் போய் நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கிவந்தேன்.

முதல் இலை கிழிந்துபோயிற்று. இரண்டாவது இலை மீனாக வந்தது. நாலைந்து நாள் கழித்துத்தான் ஒரு சங்கதி புரிந்தது. வெட்டுகிற கையைத் திருப்பக்கூடாது. காகிதத்தைப் பிடித்திருக்கிற கையைத்தான் திருப்ப வேண்டும். கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே வாயைத் திறந்து மூட, காகிதம் வளைந்து வளைந்து அதற்குள் வரவேண்டும். உள்ளே வரவேண்டிய துவாரங்களை முதலில் எடுத்துவிட்டு, வெளி விளிம்பைக் கடைசியில் வெட்ட வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். பிடித்துக்கொள்ள இடமில்லாமல் காகிதம் துவண்டுவிட்டது. இன்னொன்று: ஒரே தாளில் வெட்டுகிறபோது எல்லாம் எங்கேயாவது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணைச் சுற்றிலும் வெட்டினால் கருவிழி தனியே கீழே விழுந்துவிடும். அது விழாமலிருக்க ஒரு மெல்லிய பாலம் விட்டுவைக்க வேண்டும். விட்டது தெரியாதபடி அந்தப் பாலத்தை இமையென்றோ, கன்னத்துக் கோடென்றோ பார்க்கிறவன் எண்ணிக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

மதுராவிலும் பிருந்தாவனத்திலும் 'ஸாஞ்ஜி' என்று ஒரு கலை இருக்கிறது. மகாளய பட்ச நாட்களில் கோயில்களில் கிருஷ்ண லீலைகளை வண்ணப் பொடியால் தரையில் எழுதுவார்கள், தண்ணீரின்மேல்கூட எழுதுவதுண்டு. அதற்கு வேண்டிய அச்சுக்களைக் காகிதத்தில் வெட்டுகிறார்கள். மிச்சமிருக்கிற காகிதம் அங்கே படமல்ல, துவாரம்தான் படம். பொடி அதன் வழியாக இறங்கிப் பசுவாகவும் கதம்ப மரமாகவும் ஆகிறது. ஒரு வண்ணத்துக்கு ஓர் அச்சாக மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பாலம் எங்கே விடுவது என்பதில் அவர்களுக்குள்ள தேர்ச்சியைப் பார்த்தபோது, என் மீன் இலைகளை எடுத்து மறைத்து வைத்தேன்.

நான் கற்றுக்கொண்டது கையளவு. ஆனால் ஓர் அபாயத்தை அந்தக் கையளவிலேயே கண்டுகொண்டேன். கத்தரிப்புச் சித்திரத்தில் பிறரைப் பின்பற்றுவதைப்போலச் சுலபம் வேறெந்தக் கலையிலும் கிடையாது. எண்ணெய் வண்ணத்தில் ஒருவர் போட்டதை இன்னொருவர் போட முயன்றால் கை நடுங்கும்; வண்ணம் மாறும்; அப்படி மாறுவதிலாவது ஏதோ சொந்தமாக ஒட்டிக்கொள்ளும். காகிதத்திலோ விளிம்புதான் எல்லாம். விளிம்பின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலை ஓட்டினால் போதும், அடுத்தவருடைய மரம் முழுசாக நம்முடையதாகிவிடுகிறது. என் மருமகளும் பிரதி எடுத்தாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அயல்நாட்டுக்காரருக்கு எதற்காக அத்தனை இலைகள் தேவைப்பட்டன என்பதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை என்று தோன்றியது. கோபத்தினால் அல்ல, அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நான் காகிதக் கலைஞர்களைத் தேடிப்போனேன்.

கதைக்காரன் ஆதலால் முதலில் ஆண்டர்ஸனிடம் போனேன். டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்ஸனை (1805-1875) குழந்தைக் கதைகள் எழுதியவராக உலகம் அறியும். விருந்துக்குப் போகிற வீடுகளிலெல்லாம் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, பெரிய கத்தரிக்கோல் ஒன்றை எடுத்து, மடித்த காகிதத்தை வெட்டிக்கொண்டே கதை சொல்வாராம். கதை முடிகிற சமயத்தில் காகிதத்தைப் பிரித்துக் காட்டுவார். நாட்டியப் பெண்கள், அன்னங்கள், கோமாளிகள், வயிற்றில் கதவும் ஏணியும் வைத்த காற்றாலை மனிதன், எல்லாம் அதில் இருக்கும். கையில் ஒரு இதயத்தைப் பிடித்தபடி தூக்குமரத்தில் தொங்குகிற மனிதனும் அடிக்கடி வருவான். அவன் இதயத் திருடனாம்! குழந்தைக்குக் கொடுக்கிற பரிசில் தூக்குமரம் எதற்கு என்று நாம் யோசிக்கலாம். ஆண்டர்ஸனின் கதைகளை முழு உருவில் படித்தவர்களுக்கு ஆச்சரியமிராது. அங்கேயும் அழகும் பயங்கரமும் அடுத்தடுத்த வீட்டில்தான் குடியிருக்கின்றன.

செருப்புத் தைக்கிறவரின் மகன் அவர். கத்தரிக்கோல் பிடித்த அந்தக் கையில் நாஸூக்கு இல்லை. விளிம்புகள் முரடானவை. மடித்து வெட்டியதால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இருந்தாலும் சில இடங்களில் மறுபடி தனியாக வெட்டி, ஒரு பக்கத்தை வேறாக்கியிருக்கிறார். நூற்றுக்கணக்கில் இவை இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவர் பிறந்த ஓடென்ஸ் நகரத்தின் மியூசியத்தில் நிறைய இருக்கின்றன.

இவ்வளவு செய்தவர், தம்முடைய கதைப் புத்தகங்களுக்கு இந்தப் படங்களைப் போட்டுக்கொள்ளவில்லை. 1849-இல் அவருடைய கதைகளுக்குப் படம் போட்டவர் வில்ஹெல்ம் பெடர்ஸன் என்கிற கடற்படை அதிகாரி. அடக்கமான, அழகான படங்கள். ஆண்டர்ஸன் வெட்டியவற்றில் அவர் எழுதிய கதைகளின் காட்சிகளைக் காண்பதே அபூர்வம். எனக்கு இது வெகுநாள் விளங்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்துப் பார்த்த பிறகு கொஞ்சம் விளங்குகிற மாதிரி இருக்கிறது. அந்தக் காகிதங்கள் கதைக்குப் படமல்ல. கதை சொல்கிற நேரத்தின் ஒரு பகுதி. என்ன வரப்போகிறது என்று தெரியாமல் குழந்தை கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருக்க, காதில் கதை விழுந்துகொண்டிருக்கிறது. பிரித்துக் காட்டுகிற அந்த ஒரு விநாடி அச்சிட்ட புத்தகத்தில் வராது. ஆகவே அவர் அதை அங்கே தேடவில்லை என்று நினைக்கிறேன். பெடர்ஸனிடம் வேலையை விட்டுவிட்டுத் தாம் விருந்து வீட்டில் வெட்டிக்கொண்டிருந்தார்.

இதை என் மருமகளிடம் சொன்னால், "அது விளையாட்டு மாமா, அதைப் போய்க் கலை என்கிறீர்களே" என்பாள். நுட்பம்தான் அவளுக்குக் கலை. நுட்பத்துக்கு நான் விரோதியல்ல என்று காட்ட வேண்டுமானால் மேரி டிலேனியைத்தான் அழைத்துவர வேண்டும்.

1700-இல் இங்கிலாந்தில் பிறந்த இந்த அம்மாள் இரண்டாவது கணவரையும் 1768-இல் இழந்தார். தோழியான போர்ட்லண்ட் சீமாட்டியின் மாளிகையில் தங்கியிருந்தபோது, ஒரு சிவப்புக் காகிதத் துண்டு ஜெரேனியம் இதழின் நிறத்தில் இருப்பதைக் கண்டு வெட்டத் தொடங்கினார். சீமாட்டி உள்ளே வந்து, நிஜ இதழையே வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டாராம். அப்போது டிலேனிக்கு வயது 72. அடுத்த பத்து வருஷங்களில் 985 செடிகளைக் காகிதத்தில் செய்தார். கண் மங்கியபிறகு 1782-இல் நிறுத்திவிட்டார். அவை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

ஒரே பூவில் நூற்றுக்கணக்கான துண்டுகள் உண்டு. செடியை எதிரே வைத்துக்கொண்டு வெட்டுவார். நிழல் விழுகிற இடத்துக்கு ஒரு துண்டு, நரம்புக்கு ஒரு துண்டு, மகரந்தத் தாளுக்கு மயிரிழை போல ஒரு துண்டு. தாவர சாஸ்திரிகள் இதழையும் கேசரத்தையும் எண்ணிப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொள்ளக்கூடிய வேலை. சில படங்களில் நிஜ இலையையே எடுத்து ஒட்டியிருக்கிறார். காகிதம் எது, இலை எது என்று கண்டுபிடிப்பது சிரமம். இப்படிச் சொன்னால் சர்க்கஸ் வித்தை என்று தோன்றும். ஆனால் பின்னணியைப் பாருங்கள். சுத்தக் கறுப்பு. புல் இல்லை, தொட்டி இல்லை, தோட்டம் இல்லை. இருட்டிலிருந்து ஒரு கொம்பு மட்டும் எழுந்து வந்து நிற்கிறது. நுட்பம் அத்தனையும் பூவுக்குப் போய்விடுகிறது. டிலேனியின் கைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. என் மருமகளின் ஆலமரத்தில் நுட்பம் மரத்துக்குப் போகவில்லை. பார்க்கிறவன் மரத்தைப் பார்க்காமல், 'எத்தனை நாள் ஆயிற்று?' என்று கேட்கிறான். நானும் அதைத்தான் முதலில் கேட்க இருந்தேன்.

புத்தகத்துக்குப் படம் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. அதை ஹென்றி மத்தீஸ் அனுபவித்தார். 1941-இல் புற்றுநோய்க்காகக் கடுமையான சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வெகு நேரம் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் தாள்களில் வண்ணத்தைப் பூசிக் கொடுப்பார்கள். அவர் அதில் கத்தரிக்கோலை ஓட்டுவார். வெட்டிய துண்டுகளைச் சொன்ன இடத்தில் ஊசி குத்தி வைப்பார்கள். வேண்டாமென்றால் எடுத்து வேறிடத்தில் குத்துவார்கள். இப்படிச் செய்த இருபது படங்கள் 1947-இல் 'ஜாஸ்' என்ற புத்தகமாக வந்தன. சர்க்கஸ், கத்தி வீசுகிறவன், வானத்திலிருந்து விழுகிற இகாரஸ். இகாரஸ் வெறும் கறுப்பு உருவம். மார்பில் சின்னச் சிவப்புப் பொட்டு ஒன்று. படங்களுக்கு நடுவே தம் கையெழுத்திலேயே, பெரிய பெரிய எழுத்துக்களாக ஏதோ எழுதி வைத்தார். வண்ணங்களுக்குத் துணையாக எழுத்தின் உருவம் இருந்தால் போதும், வாசகம் இரண்டாம் பட்சம் என்பது அவருடைய எண்ணம்.

வாசகம் இரண்டாம் பட்சம் என்று ஓவியர் சொன்னால் எழுத்தாளனுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் அந்தப் புத்தகத்தை இந்த நூற்றாண்டிலும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடாதவர் ஒருவர்தான்: மத்தீஸ். அச்சில் பார்த்தபோது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. வண்ணம் மாறிவிடக்கூடாதென்று அதே வண்ணங்களை அச்சுத் தகட்டின் வழியாகக் கையால் பூசித்தான் அச்சிட்டார்கள். அப்படியும் உயிர் போய்விட்டதாகவே அவர் நினைத்தார். சுவரில் ஊசியில் நின்றபோது துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி, ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு போட்ட நிழல், ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்த கனம், எல்லாம் தட்டையாகிவிட்டன. ஆண்டர்ஸன் புத்தகத்துக்குக் கொண்டுவராமல் விட்டது எதுவோ அதையேதான் மத்தீஸ் கொண்டுவர முயன்று தோற்றார் என்று எனக்குப் படுகிறது. தோற்ற புத்தகம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்பது வேறு விஷயம்.

அச்சுக்கு ஏற்றபடி காகிதத்தைப் பழக்கியவர்களும் உண்டு. லியோ லியோனி ரயிலில் பேரக் குழந்தைகளைச் சமாளிப்பதற்காகப் பத்திரிகைத் தாளைக் கிழித்து நீலம், மஞ்சள் என்று இரண்டு வட்டங்களுக்குக் கதை சொன்னார். அது 1959-இல் புத்தகமாயிற்று. வெட்டக்கூட இல்லை, கிழித்ததுதான். இரண்டு வட்டங்களும் கட்டிக்கொண்டு பச்சையாகிவிடுவதைப் பார்க்கிற குழந்தைக்கு நிழலும் தேவையில்லை, நரம்பும் தேவையில்லை. எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' 1962-இல் வந்தது. சிவப்புக் குல்லாய் அங்கி போட்ட ஒரு கறுப்பினப் பையன் பனியில் நடக்கிறான். அமெரிக்கப் படப் புத்தகங்களில் அப்படி ஒரு பையன் கதாநாயகனாக வருவது அந்த நாளில் அபூர்வம். அம்மாவின் உடைக்கு, அலமாரித் தட்டில் விரிக்கிற மெழுகுத் துணியைத்தான் வெட்டி ஒட்டினார். ஒரு பத்திரிகையில் 1940-இல் வந்த சிறுவன் ஒருவனின் போட்டோக்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, இருபது வருஷம் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு செய்த புத்தகம் அது. என் மருமகளும் படங்களைச் சேர்த்து வைக்கிறாள். ஆனால் இருபது வருஷம் ஒரே படத்தைப் பார்ப்பது என்பது சேகரிப்பு அல்ல.

எல்லோரையும் விட என்னை நிறுத்திவைத்தவர் வினோத பிஹாரி முகர்ஜி. வங்காளத்தில் 1904-இல் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதிலும் கிட்டப் பார்வைதான். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் பயின்றார். அங்கேயே ஹிந்தி பவனத்தின் சுவர்களில் 1947-இல் இடைக்காலத்து ஞானிகளின் வாழ்க்கையை எழுதினார். அத்தனை பெரிய சுவரைத் தூரத்தில் நின்று ஒரே பார்வையில் பார்க்க முடியாத கண்களோடு எழுதிய சித்திரம் அது. 1957-இல் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அது பலிக்கவில்லை. இருந்த பார்வையும் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் காகிதத்தை எடுத்தார்.

இதைச் சொல்லும்போது நாம் உடனே உருகிவிடுகிறோம். 'கண் இல்லாமலேயே!' என்று வியக்கிறோம். அப்படி வியந்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். படத்தைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற மனிதர்கள், பெண்கள். நாலைந்து பெரிய வண்ணத் துண்டுகள். ஒரு முதுகின் வளைவு, மடித்த முழங்கால். மத்தீஸைப் போல இருக்கிறது என்று சொல்லலாம்; சொன்னவர்கள் உண்டு. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. மத்தீஸின் விளிம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கண் முன்னால் ஓடிக் கையை அழைத்துப் போகிறது. வினோத பிஹாரியின் விளிம்பு தடவித் தடவிப் போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் காகிதத்தின் ஓரத்தை விரல் தொட்டுப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோல் அடுத்த அடி வைக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதுகு என்றால் என்ன, முழங்கால் எப்படிக் கனக்கும் என்பதை விரலுக்குச் சொல்கிற அளவுக்கு அவர் முன்னமே பார்த்து முடித்திருந்தார். கோட்டைக் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருந்த வேலைகளை விட்டுவிட்டு, விளிம்பைக் கையால் தொட முடிகிற வேலைக்கு வந்தார். கல்லிலோ களிமண்ணிலோ அது இயல்பு. சித்திரத்தில் அப்படித் தொடக்கூடிய விளிம்பு காகிதத்தில்தான் இருக்கிறது.

அவரிடம் மாணவராக இருந்த சத்யஜித் ராய் 1972-இல் அவரைப்பற்றி 'தி இன்னர் ஐ' என்று ஒரு குறும்படம் எடுத்தார். அதே வருஷம் வினோத பிஹாரி, பார்வையில்லாமலேயே, கலா பவனத்துச் சுவரில் ஓடுகளால் ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். 1980-இல் காலமானார்.

பதினைந்தாம் நாள் என் மருமகள் வந்தபோது, இவர்களைப்பற்றியெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "எழுபத்திரண்டு வயது, புற்றுநோய், கண் போனவர்! எனக்கு ஒன்றும் ஆகாமல் நான் நல்ல படம் செய்யக்கூடாதா, மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் அவர்கள் கஷ்டத்தைச் சொல்லவில்லை, அவர்கள் எதை வேண்டாமென்று விட்டார்கள் என்பதைச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். பாதி சமாதானம்தான் ஆனாள். என்னுடைய மீன் இலைகளைக் கண்டுபிடித்து எடுத்துப் பார்த்துச் சிரித்தபோதுதான் மிச்சக் கோபமும் போயிற்று.

போன வாரம் புதுப் படம் வந்தது. ஆலமரம் இப்போது ஒரே கறுப்புப் பிண்டம். இலை ஒன்றுகூடத் தனியாக இல்லை. அதன் அடியில் ஆடு துவாரமாக இருக்கிறது. பின்னால் ஒட்டிய வெள்ளைத் தாள்தான் ஆட்டின் உடம்பு. மூக்கையும் காதையும் இரண்டே வெட்டில் முடித்திருக்கிறாள். ஒரு கொம்பில் மட்டும் கத்தி வழுக்கி, கொம்பு கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது. பழி சுமந்த ஆட்டுக்கு அது பொருத்தமாக இருந்தது. "இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"அது தப்பு மாமா. கை வழுக்கினதை அழகு என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்குத் தெரியுமே அது தப்பென்று. திருத்தாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்" என்றாள்.

வாதாடிப் பார்த்தேன். கேட்கவில்லை. கொம்பை நேராக்கி வேறொன்று வெட்டிப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டாள். கோணல் கொம்பு ஆட்டை என்னிடம் விட்டுப்போயிருக்கிறாள். மேஜைமேல் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறேன். மாலையில் ஜன்னல் வெளிச்சம் பட்டால், அதன் துவாரத்து ஓரத்தில் மெல்லிய நிழல் ஒன்று விழுகிறது.